குளிர்காலத்தில் செம்பருத்தி: உள்ளே கொண்டுவருவதா, விட்டுவிடுவதா?

வந்த கேள்வி, செப்டம்பர் 8

கனடாவில், டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறோம். வருடா வருடம் மே மாதம் ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்குகிறேன். கோடை முழுக்க பூக்கும். அக்டோபரில் உள்ளே எடுத்து வைத்தால் நவம்பரில் இலை கொட்டும், ஜனவரியில் வெறும் குச்சி, பிப்ரவரியில் குப்பை. இந்த ஊர்க் குளிருக்கு இது ஆகாது, வருடம் ஒரு செடி வாங்கிவிட்டுப் போவதே மேல் என்று முடிவு செய்துவிட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

செப்டம்பர் 8, இரவு

என் கருத்து மாற்றுக் கருத்துதான். உங்கள் செடியைக் குளிர் கொல்லவில்லை. அக்டோபரிலேயே உள்ளே வந்துவிட்ட செடிக்குக் குளிர் எங்கிருந்து வந்தது? அது செத்தது 21, 22 டிகிரி சூடுள்ள வரவேற்பறையில். சூடு இருந்தால் செடி வளரப் பார்க்கும். வளர வெளிச்சம் வேண்டும். டொரன்டோவில் நவம்பர், டிசம்பரில் அந்த வெளிச்சம் ஜன்னலில் கிடைக்காது. செடி இலையை உதிர்க்கும். இலை கொட்டுவதைப் பார்த்து நாம் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். பிப்ரவரியில் நீங்கள் தூக்கிப் போட்டது அநேகமாக வேர் அழுகிய செடி.

என் கணக்கு இவ்வளவுதான்: சூட்டில் வைத்தால் வெளிச்சமும் கொடுக்க வேண்டும். வெளிச்சம் கொடுக்க முடியாதென்றால் சூட்டைக் குறைக்க வேண்டும். இரண்டில் எந்த வழி என்றாலும் தண்ணீர் கோடையில் ஊற்றிய அளவு கூடாது. மற்றதெல்லாம் இதற்குக் கீழே வரும் விவரம்.

செப்டம்பர் 9

அதற்கு முன்னால் ஒன்று. உங்களிடம் இருப்பது எந்தச் செம்பருத்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் மூன்று செடிகளுக்கும் 'ஹிபிஸ்கஸ்' என்றே சீட்டு தொங்கும்.

நம் ஊர் வீட்டு வாசலில் நிற்பது ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். கரும்பச்சை இலை, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. வெப்பநாட்டுச் செடி. உறைபனி பட்டால் போய்விடும். இந்தக் குறிப்புகள் முழுவதும் இதைப் பற்றியவை.

ஹிபிஸ்கஸ் சிரியாகஸ் என்பது குச்சி குச்சியான புதர். இலை சிறியது, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பளபளப்பு கிடையாது. பூ ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு. ஸ்கார்பரோ, மார்க்கம் தெருக்களில் பல வீட்டு முன்புறத்தில் நிற்பது இதுதான். தென்கொரியாவின் தேசிய மலரும் இதுவே. பனியில் அப்படியே நிற்கும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

மூன்றாவது ஹிபிஸ்கஸ் மாஸ்கியூட்டாஸ். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். தண்டு முழுக்கக் காய்ந்து தரையோடு போய்விடும், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். இது நம் ஒன்டாரியோ மாகாணத்தின் சொந்தச் செடி. ஈரி ஏரிக் கரையில் பாயின்ட் பெலி, ராண்டோ பக்கத்துச் சதுப்புகளில் தானாக வளர்கிறது. இதை வீட்டுக்குள் கொண்டுவந்து சூட்டில் வைப்பதுதான் அதற்குச் செய்யும் கெடுதல். அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும்.

செப்டம்பர் 15

எப்போது உள்ளே எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். பகல் வெயிலைப் பார்க்காதீர்கள், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். இரவு தொடர்ந்து 12, 13 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் தயாராக வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், கீழ் இலைகள் மஞ்சளாகும். பூஜ்யத்தைத் தொட்டால் இலையும் இளந்தண்டும் கருகும். டொரன்டோ பக்கம் இது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரம், அக்டோபர் முதல் வாரம். ஏரியை ஒட்டிய வீடுகளுக்குச் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். வடக்கே ஸ்டூஃப்வில், நியூமார்க்கெட் பக்கம் உள்ளவர்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

"இன்னும் மொட்டு இருக்கிறது, அது பூக்கட்டும்" என்று காத்திருப்பவர்கள்தான் செடியை இழக்கிறார்கள். மொட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

செப்டம்பர் 21

உள்ளே எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செடியை முழு வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள். டெக்கின் கூரைக்கு அடியில், மேப்பிள் மர நிழலில், எங்கேயாவது. குறைந்த வெளிச்சத்துக்கு அது பழகட்டும். நேராக வெயிலிலிருந்து வரவேற்பறைக்குப் போனால் பாதி இலை ஒரே வாரத்தில் கீழே கிடக்கும்.

உள்ளே போகும் நாளில் குழாயை நல்ல வேகத்தில் திறந்து, செடியைச் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பூச்சி இருப்பது அடிப்பக்கத்தில்தான். அசுவினி, வெள்ளை ஈ, கணுக்களில் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி, எல்லாம் கோடையில் வெளியே சும்மா இருந்தவை. வெளியே பொறிவண்டு தின்றுவிடும், மழை அடித்துப் போகும். உள்ளே அதற்கெல்லாம் வழியில்லை.

மண்ணில் எறும்பு இருந்தால் தொட்டியை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். எல்லாம் மேலே வந்துவிடும். அப்புறம் நன்றாக வடிய விட்டு எடுத்துப் போங்கள்.

செப்டம்பர் 22

கனமான தொட்டி பற்றிப் பிராம்ப்டனிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். முதுகு முக்கியம் அக்கா. சக்கரம் வைத்த தட்டு கடைகளில் கிடைக்கிறது, மண் தொட்டியை விட்டுப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாறுங்கள், தூக்குவதற்கு முந்திய இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈர மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் எடையில் உள்ள வித்தியாசம் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

அக்டோபர் 5

"இன்றிரவு உறைபனி எச்சரிக்கை, செடி தரையில் நட்டிருக்கிறேன், என்ன செய்ய?" என்று அவசரமாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

இன்றிரவுக்கு: பழைய போர்வையோ பெட்ஷீட்டோ எடுத்துச் செடியை மூடுங்கள். துணி தரை வரை தொங்க வேண்டும், ஏனென்றால் காப்பாற்றுவது துணி அல்ல, மண்ணிலிருந்து மேலே வரும் சூடு. அதைத் துணி பிடித்து வைக்கிறது. தண்டைச் சுற்றி மட்டும் கட்டினால் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். சாயங்காலமே மண்ணை நனைத்து வைத்தால் இன்னும் நல்லது, ஈர மண் பகல் சூட்டை அதிகம் சேர்த்து வைக்கும்.

நாளைக்கு: தோண்டி எடுங்கள். இங்கே தரையில் விட்டால் எத்தனை போர்வை போட்டாலும் ஜனவரி தாண்டாது. வேரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, மேலே கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வேர் அறுபட்ட செடியால் எல்லா இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அடுத்த வருடம் தொட்டியோடு மண்ணில் புதைத்து வையுங்கள், எடுப்பது சுலபம்.

அக்டோபர் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "உள்ளே எடுத்தேன், மஞ்சள் இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது, சொன்னேன் பார்த்தீர்களா" என்கிறார்.

கொட்டட்டும். வெளியே வெயிலில் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஜன்னலுக்கு நாலடி தள்ளிக் கிடைக்காது. அத்தனை இலையை வைத்துச் சோறு போட அதற்கு வருமானம் இல்லை, ஆட்குறைப்பு செய்கிறது. உள்ளிருக்கும் பழைய இலைகள் முதலில் மஞ்சளாகி விழுவது இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. இலை பச்சையாகவே தொங்கி வாடினால் வேரில் கோளாறு. இலையில் மணல் தூவியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன்.

தண்ணீர்: விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அடியில் வடியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். குழாயில் வரும் சில்லென்ற தண்ணீர் வேண்டாம், அறையில் சற்று நேரம் வைத்து ஊற்றுங்கள். தேதி பார்த்து "ஞாயிறுதோறும் ஊற்றுவேன்" என்பது இந்தச் செடிக்குச் சரிப்படாது.

உரம் நிறுத்துங்கள். பிப்ரவரி கடைசி வரை ஒன்றும் வேண்டாம்.

அக்டோபர் 26

முதல் நாள் எழுதியதில் "சூட்டைக் குறைக்க வேண்டும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு இத்தனை கேள்வி வந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் உங்களுக்கு இருந்தால் செடியைக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். இலை கண்ணாடியில் படக் கூடாது, ஜனவரியில் கண்ணாடி பனிக்கட்டி போலிருக்கும். தரையில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) காற்று வரும் வென்ட் ஜன்னலுக்கு நேர் கீழேதான் இருக்கும், இங்கே வீடு கட்டுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அந்த வறண்ட சூட்டுக் காற்று செடி மேல் அடித்தால் இரண்டு வாரத்தில் மொட்டு, இலை எல்லாம் போகும். காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மூடி ஹார்டுவேர் கடைகளில் விற்கிறது, வாங்கிப் போடுங்கள்.

ஜன்னல் இல்லையென்றால் உறங்க வைப்பதுதான் வழி. 10 முதல் 13 டிகிரி வரை உள்ள இடம் வேண்டும். இலை எல்லாம் விழும், விழட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மண் தூளாகிப் போகாத அளவு கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். இப்படி உறங்கும் செடிக்கு மங்கலான வெளிச்சமே போதும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. பேஸ்மென்ட் என்றால் குளிர்ந்த இடம் என்று நினைக்கிறோம். ஃபர்னஸ் பக்கத்தில் அது வரவேற்பறையை விடச் சூடு. வாசல் படிக்கட்டுக்குக் கீழே சிமெண்ட் அறை ஒன்று இருக்குமே, ஊறுகாய் ஜாடியும் அரிசி மூட்டையும் வைக்கும் கோல்ட் ரூம், அது நவம்பரில் சரியாக இருக்கும், ஜனவரி கடுங்குளிரில் பூஜ்யத்தை நெருங்கும். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தாலும் உறையும். ஆகவே ஒரு தெர்மாமீட்டரை வாங்கி, நினைத்த இடத்தில் வைத்து, அதிகாலையில் போய்ப் பாருங்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே காட்டினால் அந்த இடம் வேண்டாம். பல வீடுகளில் சரியாக அமைவது பேஸ்மென்ட்டில் ஃபர்னஸிலிருந்து தள்ளி, வெளிச்சுவரை ஒட்டி, வென்ட்டை அடைத்த மூலை.

நடுவில் நிற்பதுதான் மோசம். 20 டிகிரி சூடு, வெளிச்சம் இல்லாத மூலை. அங்கே செடி உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் வெளுத்த, நீண்ட, நூல் போன்ற கிளைகளை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததை எல்லாம் தீர்த்துக்கொண்டு சாகும்.

நவம்பர் 12

சிலந்திப்பேன் வந்துவிட்டது. எனக்கும்தான், இரண்டு செடியில். ஃபர்னஸ் ஓட ஆரம்பித்து வீட்டுக் காற்று வறண்டதும் வருடா வருடம் வரும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் பேன். சூடான வறண்ட அறையில் முட்டை ஒன்று முழுப்பேன் ஆக ஒரு வாரம் போதும். ஆகவே ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

என் முறை: குளியல் தொட்டியில் செடியை நிறுத்தி, மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, ஷவரைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுவேன். காய்ந்ததும் பூச்சிக்கான சோப்புக் கரைசல். ஐந்தாறு நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப, பேன் நிற்கும் வரை. அந்தச் சோப்பு பூச்சி மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால்தான் திரும்ப அடிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சில வகைச் செம்பருத்திக்குச் சோப்பே ஆகாது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து அடிக்காதீர்கள். அது சோப்பு அல்ல, இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும்.

நவம்பர் 13

வேப்பெண்ணெய் ஏன் சொல்லவில்லை என்று ஒரே நாளில் இத்தனை பேர்! தெரியாமல் விடவில்லை. கனடாவில் வேப்பெண்ணெய் பூச்சிக்கொல்லியாகப் பதிவு பெறவில்லை, அதனால்தான் செடிக் கடையில் இலைக்குப் பளபளப்பு தரும் பொருள் என்ற பெயரில் விற்கிறார்கள். ஒன்டாரியோவில் தோட்டங்களுக்கு அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2009 முதல் தடை இருக்கிறது. பூச்சிக்கான சோப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே நான் அதைச் சொன்னேன். வேம்பின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை யாருக்கும் குறைந்ததில்லை.

நவம்பர் 13, இரவு

ஈரப்பதத்துக்கு இலை மேல் தண்ணீர் தெளிப்பது பற்றி: பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், பலன் இல்லை. ஹ்யூமிடிஃபையர் இருந்தால் செடி அறையில் வையுங்கள். செடிகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் சற்று உதவும்.

டிசம்பர் 21

இன்று டொரன்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நாலே முக்காலுக்கு இருட்டிவிட்டது. பல நாள் மேகம் வேறு. என் ஜன்னல் செடிகளுக்கு நவம்பர் முதலே செடி வளர்வதற்கான எல்இடி விளக்கு (குரோ லைட்) போட்டிருக்கிறேன், டைமரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். செடியின் நுனிக்கு ஓர் அடி உயரத்தில் தொங்குகிறது. ஊதா வெளிச்சம் வேண்டியதில்லை, வெள்ளை விளக்கே நன்றாக வேலை செய்கிறது, கண்ணுக்கும் தொந்தரவில்லை. விளக்கை எட்டாத உயரத்தில் மாட்டினால் கரண்ட் பில் மட்டுமே மிஞ்சும்.

செடி வைக்க இடமே இல்லாத அபார்ட்மென்ட் நண்பர்களுக்கு: ஆலன் கார்டன்ஸ் போய் வாருங்கள். நகர நடுவில், கண்ணாடி மாளிகை, நுழைவுக் கட்டணம் கிடையாது. பனை மாளிகை 1910இல் திறந்தது. வெளியே மைனஸ் பதினைந்து இருக்கும்போது உள்ளே நுழைந்தால் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்ளும், துடைத்துவிட்டுப் பார்த்தால் நம் ஊர்ச் செடிகள். மண் வாசனையும் ஈரக் காற்றும் நெஞ்சுக்குள் இறங்கும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஜனவரி 14

பொங்கலன்று ஒரு பூ. விளக்கடியில் இருக்கும் ஒற்றைச் சிவப்பு, ஐந்திதழ். கோடைப் பூவை விடச் சிறியது. பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தேன். செம்பருத்தியின் ஒரு சௌகரியம், பறித்த பூ தண்ணீரில்லாமலேயே சாயங்காலம் வரை விரிந்திருக்கும். செடியில் இருந்தாலும் அநேக வகைகளுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, ஆகவே பறிப்பதில் வருத்தமில்லை.

அடுக்குச் செம்பருத்தி, இரண்டு மூன்று நிறம் கலந்த கலப்பின வகைகள் எல்லாம் குளிர்காலத்தில் சிணுங்கும். முதல் முறையாகச் செடியைக் குளிர்காலம் கடத்துபவர்கள் ஒற்றைச் சிவப்போடு தொடங்குங்கள். அதன் உடம்பு கெட்டி.

ஜனவரி 19

ஹூஸ்டனிலிருந்து ஒரு தம்பி. "எங்களுக்கு வருடத்தில் நாலைந்து இரவுதான் உறைபனி. செடி தரையில் நிற்கிறது, ஆளுயரம். தோண்டவா?"

தோண்ட வேண்டாம் தம்பி. உங்கள் ஊரில் வேரைக் காப்பாற்றினால் போதும். இலைச் சருகு, மரத்தூள் எது கிடைக்கிறதோ அதை அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். எச்சரிக்கை வந்த இரவில் துணி மூடி, உள்ளே பழைய வகைச் சூடு தரும் பல்ப் சரம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்இடி சரம் சூடு தராது, அதற்கு உதவாது. துணியில் பல்ப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது ஹூஸ்டனிலேயே மைனஸ் பத்து வரை போனது. மேலே முழுக்கக் கருகி, மூடாக்குப் போட்ட அடியிலிருந்து மே மாதம் துளிர்த்த செடிகள் உண்டு. அடியோடு போனவையும் உண்டு. கருகியதைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். காய்ந்த கிளைகள் அடுத்த குளிரிலிருந்து கீழ்ப்பகுதியைக் காக்கும், வெட்டினால் துளிர் கிளம்பி அடுத்த உறைபனியில் மாட்டும். மார்ச் வரை பொறுங்கள்.

ஜனவரி 20

நேற்றைய பதிலைப் பார்த்துவிட்டுக் குன்னூரிலிருந்து ஒருவர், நீலகிரிக்கும் இது பொருந்துமா என்கிறார். பெரும்பாலும் பொருந்தும். மலையில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தாழ்வான புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில் மேட்டில் இருப்பவர் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. செடியைப் பள்ளத்தில் வைக்காமல், பகலில் வெயில் வாங்கும் கல் சுவரை ஒட்டி வையுங்கள்.

பிப்ரவரி 9

"குச்சியாகிவிட்டது, தூக்கிப் போடவா?" கேள்வி கேட்டவர்தான்.

நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். நுனி காய்ந்து நடுத்தண்டு பச்சையாக இருப்பது சகஜம். அடிவரை பழுப்பு என்றால் மட்டும் விடுங்கள். அதற்கும் முன்னால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். கருத்து, நசுக்கினால் தோல் கழன்று வந்தால் போனதுதான்.

பிப்ரவரி 10

மூன்றாம் கிளை வரை பச்சையாம். எனக்கு இன்று பொழுது நன்றாக விடிந்தது.

மார்ச் 16

கவாத்துக்கு இதுதான் நேரம். அக்டோபரிலேயே முழுக்க வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இட நெருக்கடிக்குக் கொஞ்சம் வெட்டலாம், தப்பில்லை. ஆனால் பெரிய வெட்டை இப்போது வைத்துக்கொள்ளச் சொல்வேன். குளிர்காலத்தில் நுனி காய்வதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வெட்ட முடிகிறது, பகல் நீளுவதால் வெட்டிய இடத்தில் உடனே துளிர்க்கிறது.

செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். வெட்டப் பயப்படுகிறவர்களுக்கு நுனியில் நாலு பூவும் கீழே மொட்டைக் கம்பும்தான். மூன்றில் ஒரு பங்கு தாராளமாக வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. வெட்டியதிலிருந்து பூக்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும். இன்று வெட்டினால் ஜூனில் மொட்டு.

வெட்டிய கிளைகளைக் குப்பையில் போடாதீர்கள். பென்சில் தடிமனில், அரை முழத்துக்குக் குறைவாக, முற்றியும் முற்றாமலும் உள்ள துண்டுகளை எடுத்து, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் குருணை) கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த கலவையில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து வையுங்கள். அடியில் இளஞ்சூடு இருந்தால் ஆறு வாரத்தில் வேர் வரும். என்னைக் கேட்டால் இடம் குறைந்தவர்களுக்கு இதுவே சிறந்த காப்பீடு: பெரிய செடிக்கு என்ன ஆனாலும் சின்னத் தொட்டியில் அதே செடி இருக்கும்.

மார்ச் 17

ஊரிலிருந்து போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, கொண்டுவரலாமா? அம்மா வீட்டுச் செடியின் கிளை இங்கே வளர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒரு குச்சியோடு வரும் நோய் இங்குள்ள பண்ணைகளை அழிக்கும்.

ஏப்ரல் 20

துளிர் வந்தபின் உரம். பூக்க வேண்டுமென்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள உரம் போடு என்பார்கள். செம்பருத்திக்கு அது சரியில்லை. மணிச்சத்து குறைவாக, சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிகமாக உள்ளது போடுங்கள். பொட்டலத்தில் உள்ள மூன்று எண்ணில் நடு எண் சின்னதாகவும் கடைசி எண் பெரிதாகவும் இருக்க வேண்டும். பாதி அளவு கரைத்து அடிக்கடி ஊற்றுவது நல்லது.

தொட்டி மாற்றினால் இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும். மிகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் பரப்புவதிலேயே கோடை போய்விடும்.

போன வருடம் கடையில் வாங்கியபோது குட்டையாக, அடர்த்தியாக இருந்த செடி இப்போது கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நெட்டையாகப் போகிறதென்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பண்ணையில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்து வளர்ப்பார்கள். அதன் வேகம் தீர்ந்துவிட்டது, இதுதான் செடியின் சொந்த வளர்த்தி. இதே காரணத்துக்காகத்தான் புதிதாக வாங்கிய செடியின் இலையைத் தலைக்குத் தேய்க்க அரைப்பதையும் பூவை டீயில் போடுவதையும் முதல் வருடம் செய்யாதீர்கள் என்று சொல்கிறேன். இரண்டாம் வருட இலையை அரையுங்கள், அதுவும் பூச்சிக்கு ஒன்றும் அடிக்காத செடியிலிருந்து.

மே 18

விக்டோரியா தினம் வந்துவிட்டது. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை, இங்கே எல்லோரும் நாற்று நடத் தொடங்கும் வாரம். செம்பருத்திக்கு அந்த விடுமுறையை விட இரவு வெப்பநிலையே கணக்கு. 10 டிகிரிக்கு மேல் நின்றால் வெளியே.

முதல் வாரம் முழு நிழல். அடுத்த வாரம் காலை வெயில். அப்புறம்தான் முழு வெயில். ஏழு மாதம் உள்ளே இருந்த இலை நேரடி வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துவிடும், அது திரும்பப் பச்சையாகாது. காற்று பலமாக அடிக்கும் பால்கனிகளில் இன்னும் நிதானம் வேண்டும்.

தரையில் உள்ள சிரியாகஸும் மாஸ்கியூட்டாஸும் இன்னும் துளிர்க்கவில்லை என்று பிடுங்க வேண்டாம். ட்யூலிப் முடிந்து லைலாக் பூத்தாலும் இவை அசையாது. மாஸ்கியூட்டாஸ் ஜூன் தொடக்கத்தில்கூட மண்ணைவிட்டுத் தலைகாட்டும்.

ஜூன் 11

கேள்வி கேட்டவரின் படம் பார்த்தேன். எவ்வளவு மொட்டு! மார்ச்சில் துணிந்து வெட்டியதன் பலன் அது.

ஆனால் அவர் எழுதியிருப்பதை எல்லோரும் கவனியுங்கள். வாங்கும்போது ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பெரிய பூ, இப்போது ஒரு கிளையில் சின்னச் சிவப்பு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அது ஒட்டுச்செடி. அழகான கலப்பினங்களுக்கு வேர் பலம் போதாது என்று பலமான வேறொரு செம்பருத்தியின் அடியில் ஒட்டுக் கட்டுவார்கள். குளிர்காலத்தில் மேலே உள்ளது நலிந்தபோது அடிச்செடி துளிர்விட்டுவிட்டது. தண்டில் மண்ணுக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு தெரியும். அதற்குக் கீழிருந்து வரும் கிளைகளை இப்போதே அடியோடு எடுத்துவிடுங்கள். விட்டால் அது வேகமாக வளர்ந்து மேற்செடியைப் பட்டினி போடும். சிவப்பும் வேண்டும் என்றால் எடுத்த கிளையைப் போத்தாக நடுங்கள், ஆகஸ்டுக்குள் தனிச்செடி. ஆரஞ்சுப் பூவிலிருந்தும் இரண்டு போத்து இந்தக் கோடையிலேயே எடுத்து வையுங்கள். சொந்த வேரில் அது ஒட்டுச்செடி அளவு வேகமாக வளராது, ஆனால் அடுத்த குளிர்காலத்தில் இந்தக் குழப்பம் வராது.